தலைசிறந்த ராக் ஆல்பங்கள் பட்டியலை எப்படிப் பயன்படுத்துவது: புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு

ராக் இசை கேட்க ஆரம்பிக்கும் எல்லோரும் முதல் மாதத்திலேயே ஒரு பட்டியலில் போய் முட்டுவார்கள். எக்காலத்திலும் சிறந்த 100 ஆல்பங்கள், 500 ஆல்பங்கள் என்று ஏதாவது ஒன்று. நான் கல்லூரி முடித்த வருடம் அப்படி ஒன்றை அச்செடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகக் கேட்பது என்று உட்கார்ந்தேன். முப்பதைத் தாண்டவில்லை. காது மரத்துப் போய், அப்புறம் ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. பரீட்சைக்குப் படிப்பதுபோலக் கேட்டால் அப்படித்தான் ஆகும்.

திரும்பி வந்தபோது வேறு ஒரு பட்டியல் கையில் கிடைத்தது. முதல் பட்டியலில் உச்சியில் இருந்த ஆல்பம் இதில் எங்கோ கீழே கிடந்தது. ஏன் என்று தேடப் போனதில்தான் எனக்கு ராக் வரலாறு பிடிபட்டது. ஆகவே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஒரு பட்டியலை மட்டும் நம்பாதீர்கள், இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: வாக்களித்தது யார் என்று பாருங்கள்

பட்டியலைத் திறந்ததும் எண் 1 என்னவென்று பார்க்கத்தான் கை போகும். அதைக் கொஞ்சம் தள்ளிவைத்து, முன்னுரையைப் படியுங்கள். யார் வாக்களித்தார்கள், எந்த நாட்டில், எந்த வருடம் என்பது அங்கே இருக்கும்.

அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 ஆல்பங்கள் பட்டியல். (ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழு வேறு. புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.) 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பத்திரிகை இது. 500 பட்டியலை முதலில் 2003இல் வெளியிட்டார்கள். 2012இல் லேசாகத் திருத்தினார்கள். 2020இல் புதிதாக வாக்கெடுப்பு நடத்தி அடியோடு மாற்றினார்கள். ஆகவே "ரோலிங் ஸ்டோன் லிஸ்ட்" என்று யாராவது சொன்னால், எந்த வருடத்தது என்று கேட்டுவிடுங்கள்.

இங்கிலாந்தில் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், சுருக்கமாக என்.எம்.இ. 2003ஆம் வருடத்தில் இரண்டு பத்திரிகைகளும் தனித்தனியாகப் பட்டியல் போட்டன. என்.எம்.இ. முதலிடம் கொடுத்தது மான்செஸ்டர் நகரத்துக் குழுவான தி ஸ்டோன் ரோஸஸ் 1989இல் வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கு. அதே ஆல்பம் ரோலிங் ஸ்டோனின் 500இல் கடைசிப் பத்துக்குள் இருந்தது. ஒரே வருடம், ஒரே மொழி, நடுவில் ஒரு கடல். அந்த ஆல்பம் வந்த காலத்தில் இங்கிலாந்தில் இளைஞர்களாக இருந்தவர்களுக்கு அது அவர்களுடைய கதை. அமெரிக்காவில் அது பெரிதாகப் போய்ச் சேரவே இல்லை. இந்த ஒரு உதாரணத்தை மனதில் வைத்துக்கொண்டால், பட்டியலில் உள்ள எண்ணைப் பார்த்து மிரள மாட்டீர்கள்.

இரண்டாம் படி: கணக்கு எப்படிப் போட்டார்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் பாதிச் சண்டைகளுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

2020 ரோலிங் ஸ்டோன் வாக்கெடுப்பில் 300க்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள், விமர்சகர்கள், இசைத் தொழிலில் இருப்பவர்கள் ஆளுக்கு 50 ஆல்பங்களை வரிசைப்படுத்திக் கொடுத்தார்கள். அவற்றுக்குப் புள்ளிகள் போட்டுக் கூட்டினார்கள். இந்த முறையில் என்ன நடக்கும் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். முதல் இடத்துக்கு 50 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 49 என்று இறங்குவதாக வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் வாக்களிக்கிறார்கள். ஒரு ஆல்பத்தை மூன்று பேர் உயிராக நினைத்து முதலிடத்தில் போடுகிறார்கள், மற்ற ஏழு பேர் சேர்க்கவே இல்லை. அதற்குக் கிடைப்பது 150 புள்ளி. இன்னொரு ஆல்பத்தை ஒருவர்கூட முதலிடத்தில் போடவில்லை, ஆனால் பத்துப் பேரும் இருபதாம் இடத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்கு 310. மூன்று பேர் உயிரை விடும் ஆல்பம் தோற்றுவிட்டது. எல்லோரும் "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னது ஜெயித்துவிட்டது.

ராக்கின் உரத்த, கனத்த கிளையான ஹெவி மெட்டலின் ரசிகர்கள் இந்தப் பட்டியல்களைப் பார்த்துக் கோபப்படுவதற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு. மெட்டல் கேட்பவர்கள் அதை உயிராகக் கேட்பார்கள், கேட்காதவர்கள் தொடவே மாட்டார்கள். மெட்டாலிகாவின் மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் (1986) 2003இல் 167ஆம் இடத்தில் இருந்தது. 2020இல் 97க்கு வந்தது.

இன்னொரு சிக்கல், வாக்குப் பிரிவது. ஒரு குழு ஆறு நல்ல ஆல்பங்கள் போட்டிருந்தால் ரசிகர்களின் வாக்கு ஆறாகச் சிதறும். ஒரே ஒரு பெரிய ஆல்பம் உள்ளவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

எல்லா வாக்கெடுப்பும் இப்படி நடப்பதில்லை. நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் வார இதழ் பல வருடம் நடத்திய பாஸ் அண்ட் ஜாப் என்ற வருடாந்திர விமர்சகர் வாக்கெடுப்பில், ஆளுக்கு 100 புள்ளி கொடுத்துவிடுவார்கள். அதைப் பத்து ஆல்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஒன்றுக்கு அதிகபட்சம் 30, குறைந்தபட்சம் 5. உயிராக நினைப்பதற்கு அள்ளிக் கொடுக்க அதில் வழி இருந்தது. எனக்கு அந்த முறைதான் பிடிக்கும்.

மூன்றாம் படி: பழையதையும் புதியதையும் ஒன்றாகப் படியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். 2003 பட்டியலின் முதல் இருபதையும் 2020 பட்டியலின் முதல் இருபதையும் இரண்டு பத்தியாக எழுதிக்கொள்ளுங்கள். ஏறியதற்கு ஒரு குறி, இறங்கியதற்கு ஒரு குறி.

2003இல் முதலிடம் பீட்டில்ஸின் சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட் (1967). முதல் பத்தில் நான்கு பீட்டில்ஸ் ஆல்பங்கள், இரண்டு பாப் டிலன் ஆல்பங்கள். பெண் கலைஞர் ஒருவர்கூட அந்தப் பத்தில் கிடையாது. 2020இல் சார்ஜென்ட் பெப்பர்ஸ் 24ஆம் இடத்துக்குப் போனது. முதலிடத்துக்குக் கறுப்பின சோல் இசைப் பாடகர் மார்வின் கேயின் வாட்ஸ் கோயிங் ஆன் (1971) வந்தது. பாடகி ஜோனி மிட்செலின் புளூ மூன்றாவது. ஹிப்-ஹாப் பாடகி லாரின் ஹில்லின் தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில் (1998) 312இலிருந்து 10க்கு வந்தது.

பதினேழு வருடத்தில் இந்த ஆல்பங்களில் ஒரு சுரம்கூட மாறவில்லை. மாறியவர்கள் கேட்டவர்கள். 2003இல் வாக்களித்த பலர் அறுபதுகளில் இளைஞர்களாக இருந்தவர்கள். 2020இல் வாக்களித்தவர்களில் கறுப்பின இசைக்கலைஞர்களும் பெண்களும் இளையவர்களும் நிறைய. சார்ஜென்ட் பெப்பர்ஸ் வெளிவந்த நாளை நேரில் கண்டவர்களுக்கு அது வானம் திறந்த மாதிரி இருந்திருக்கும். நாற்பது வருடம் கழித்துக் கேட்டவர்களுக்கு அது ஒரு நல்ல ஆல்பம், அவ்வளவுதான்.

2020 பட்டியல் வந்ததும் "இது ராக் பட்டியலே இல்லை, அரசியல் சரித்தன்மைக்காகப் போட்டது" என்று பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்துக்கு ஒரு பதில் இருக்கிறது. இங்கிலாந்தின் என்.எம்.இ. 1985லேயே வாட்ஸ் கோயிங் ஆன் ஆல்பத்துக்கு முதலிடம் கொடுத்திருந்தது. 35 வருடத்துக்கு முன்பே வேறு காதுகள் அதே முடிவுக்கு வந்திருந்தன. இரண்டு பட்டியலைப் பக்கத்தில் வைத்தால் மட்டும்தான் இந்த மாதிரி விஷயம் கண்ணில் படும்.

சில ஏற்றத்துக்குக் காரணம் சாதாரணமானதாகவும் இருக்கும். பீட்டில்ஸின் ரிவால்வரை (1966) எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் வந்த ரிவால்வரில் 14 பாட்டு. அமெரிக்காவில் அதே பெயரில் வந்த இசைத்தட்டில் 11தான். ஜான் லெனன் பாடிய மூன்று பாட்டுகளை முன்னதாகவே வேறு ஒரு இசைத்தட்டில் போட்டுவிட்டார்கள். 1987இல் சிடி வந்தபோதுதான் இங்கிலாந்து வடிவமே எல்லா நாட்டுக்கும் பொதுவானது. அதுவரை அமெரிக்கர்கள் ரிவால்வர் என்று கேட்டது குறைபட்ட ஒன்று. தொண்ணூறுகளுக்குப் பிறகு பல பட்டியல்களில் ரிவால்வர் மேலேறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம்.

நான்காம் படி: பத்தே பத்து எடுத்துக் கேளுங்கள்

இப்போதுதான் கேட்கும் வேலை. ஐந்நூறும் வேண்டாம். அதிகம் ஏறியதில் மூன்று, அதிகம் இறங்கியதில் மூன்று, இரண்டிலும் அசையாமல் நின்றதில் இரண்டு, பெயரே கேள்விப்படாததில் இரண்டு. ஒரு வாரத்துக்கு ஒன்று போதும்.

அசையாமல் நின்றதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் பீச் பாய்ஸின் பெட் சவுண்ட்ஸ் (1966). 2003இலும் இரண்டாமிடம், 2020இலும் இரண்டாமிடம். புதியவர்கள் இதை முதல்முறை கேட்டுவிட்டு "இதிலென்ன இருக்கு, மெதுவான காதல் பாட்டுதானே" என்று விட்டுவிடுவார்கள். நானும் விட்டேன். ஹெட்ஃபோன் போட்டு, விளக்கை அணைத்து, பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். பல பாட்டுகளில் அதை வாசித்தவர் கரோல் கே. சுருதியின் அடித்தளத்தில் நிற்க வேண்டிய பேஸ் அங்கே நிற்காமல் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். அதனால்தான் அந்தப் பாட்டுகள் சந்தோஷமாக ஒலிக்கும்போதும் உள்ளே ஒரு தவிப்பு. இதை இசையமைத்தபோது பிரையன் வில்சனுக்கு 23 வயது. கடைசிப் பாட்டு முடிந்து ரயில் கடந்து போய், நாய்கள் குரைக்கும்வரை நிறுத்தாதீர்கள்.

வாட்ஸ் கோயிங் ஆன் கேட்கும்போது பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வசதியைக் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டு முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய தம்பி சொன்னவற்றைக் கேட்ட ஒரு அண்ணன், தன் ஊரை அந்தத் தம்பியின் கண்ணால் பார்த்துப் பாடுவது அது. மொத்தம் 35 நிமிடம்தான். திரைப்பாட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு ஒவ்வொரு பாட்டையும் தனியாக எடுத்து ரசித்துப் பழக்கம். ஒரு ஆல்பம் முழுவதையும் ஒரே மூச்சாகக் கேட்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

பழைய ஆல்பங்களில் பாதியில் ஒரு இடைவேளை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் இருபது நிமிடம்தான் அடங்கும். எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு எது, இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு எது என்று யோசித்துத்தான் வரிசைப்படுத்தினார்கள். அந்த இடத்தில் நீங்களும் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடரலாம்.

ஒருமுறை கேட்டுப் பிடிக்காவிட்டால் இன்னும் இரண்டு முறை கேளுங்கள். அப்போதும் பிடிக்கவில்லையா, விடுங்கள். அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: யார் இல்லை என்று தேடுங்கள்

பட்டியலில் இருப்பவர்களைவிட இல்லாதவர்கள் நிறையச் சொல்வார்கள். 2003 பட்டியலின் 11ஆம் இடத்தில் எல்விஸ் பிரெஸ்லியின் சன் செஷன்ஸ், 21ஆம் இடத்தில் சக் பெர்ரியின் கிரேட் ட்வென்டி எய்ட். இரண்டும் பிற்காலத்தில் தொகுத்தவை. ஏனென்றால் ஐம்பதுகளில் ராக் அண்ட் ரோல் வளர்ந்தது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டுகளில். ஆல்பம் என்ற அளவுகோலை மட்டும் வைத்தால், ராக் இசையைத் தொடங்கிவைத்தவர்களே வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

மொழி இன்னொரு சுவர். உலகப் பட்டியல் என்று பெயர் இருந்தாலும், இவை பெரும்பாலும் ஆங்கில ஆல்பங்களின் பட்டியல். ரோலிங் ஸ்டோனின் மற்ற நாட்டுப் பதிப்புகள் 2007இல் தங்கள் நாட்டு ஆல்பங்களுக்குத் தனிப் பட்டியல் போட்டன. ஜப்பானில் முதலிடம் ஹாப்பி எண்ட் குழுவின் கசேமாச்சி ரோமன் (1971). அர்ஜென்டினாவில் பெஸ்காடோ ரபியோசோவின் அர்தோ (1973). பிரேசிலில் நோவோஸ் பயானோஸின் அகாபோ ஷொராரே (1972). மூன்றையும் தேடிக் கேளுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஆங்கிலம் தவிர வேறு எந்த மொழியிலும் ராக் ஒட்டாது என்று நினைத்திருந்த எனக்கு, ஜப்பானிய மொழியின் ஓசை கிட்டாரோடு எவ்வளவு இயல்பாக இழைகிறது என்று காட்டியது அந்த ஹாப்பி எண்ட் ஆல்பம்தான்.

நம் ஆட்களுக்கும் ஒரு மூலை இருக்கிறது. ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எம்.ஐ.ஏ., அதாவது மாயா அருள்பிரகாசம், 2007இல் வெளியிட்ட கலா ஆல்பம் 2012, 2020 பட்டியல்கள் இரண்டிலும் 400ஐ ஒட்டி இருக்கிறது. கலா என்பது அவருடைய அம்மா பெயர். அதில் உறுமி ஒலிக்கும். முதல் பாட்டில் தளபதி படத்தின் இளையராஜா பாட்டு ஒன்றின் துண்டு ஓடும். அது ராக் இல்லை என்று வாதிடலாம், ஆனால் லாரின் ஹில் பத்தாமிடத்தில் இருக்கும் பட்டியலில் அந்த வேலி எப்போதோ விழுந்துவிட்டது.

ஆறாம் படி: இப்போது வாதிடுங்கள்

பட்டியலின் மிகப் பெரிய பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். "ரசனைக்கு ஏது ரேங்க்" என்று சொல்லி வாதத்தையே மூடிவிடுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பட்டியலால் கெடுதலும் உண்டு: மேலே இருப்பவை திரும்பத் திரும்ப மறுபதிப்பாகும், புதியவர்கள் அவற்றையே கேட்பார்கள், நாளைக்கு அவர்களே வாக்களித்து அவற்றையே மேலே வைப்பார்கள். ஆனால் வாதம் செய்யாமல் இருந்தால் அந்தச் சுழல் இன்னும் இறுகத்தான் செய்யும். வாட்ஸ் கோயிங் ஆன் மேலே வந்ததே பலர் பல வருடம் விடாமல் வாதாடியதால்தான்.

வாதிடும்போது முதலில் அளவுகோலைப் பிரித்துக்கொள்ளுங்கள். சிறந்தது என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு பொருள் ஒளிந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது, நன்றாகச் செய்யப்பட்டது, பின்னால் வந்தவர்களை மாற்றியது, நிறைய விற்றது. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவும் பாடகி நிக்கோவும் சேர்ந்து 1967இல் வெளியிட்ட ஆல்பம் அன்று அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 171ஆம் இடத்தைத் தாண்டவில்லை. 2003 ரோலிங் ஸ்டோனில் 13ஆம் இடம். பின்னால் வந்த எத்தனையோ குழுக்கள் அதிலிருந்து முளைத்தவை. பிங்க் ஃபிளாய்டின் டார்க் சைட் ஆஃப் தி மூன் 1973க்கும் 1988க்கும் நடுவில் அதே விற்பனைப் பட்டியலில் 741 வாரம் இருந்தது. அதே 2003 ரோலிங் ஸ்டோனில் 43ஆம் இடம். ஒருவர் செல்வாக்கைப் பேச, இன்னொருவர் விற்பனையைப் பேசினால் விடிய விடியப் பேசினாலும் முடியாது. "நீங்கள் எந்தச் சிறந்ததைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம், முழுதாகக் கேட்காத ஆல்பத்தைத் திட்டாதீர்கள். பாராட்டினாலும் திட்டினாலும் பாட்டின் பெயரையும் அது நிகழும் இடத்தையும் சொல்லுங்கள். "டிரம்ஸ் சூப்பர்" என்பதைவிட "இரண்டாவது சரணத்தில் டிரம்ஸ் நின்று மறுபடி நுழையும் இடம்" என்று சொன்னால், எதிரில் இருப்பவர் அதைப் போய்க் கேட்பார். வாதத்தில் ஜெயித்ததைவிட அது பெரிது.

விமர்சகர் சொன்னார் என்பதை ஆதாரமாக வைக்க வேண்டாம். லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை 1969இல் ரோலிங் ஸ்டோன் மட்டம் தட்டி எழுதியது. 2003இல் அதே பத்திரிகை அதே ஆல்பத்தை 29ஆம் இடத்தில் வைத்தது.

எனக்குப் பிடித்த விதி இது: ஒன்றை உள்ளே கொண்டுவர வேண்டும் என்றால், எதை வெளியே எடுப்பீர்கள் என்றும் சொல்ல வேண்டும். "இது ஏன் முதல் பத்தில் இல்லை?" என்று கேட்பது எளிது. அந்தப் பத்தில் எதை எடுப்பது என்று யோசிக்கும்போதுதான் அந்தப் பத்தையும் ஒழுங்காகக் கேட்க வேண்டியிருக்கும்.

ஏழாம் படி: உங்கள் பத்தை எழுதித் தேதி போடுங்கள்

பத்து ஆல்பங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம், கீழே தேதி. காகிதத்தில் எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து முந்தையதைப் பார்க்காமல் இன்னொன்று எழுதி, மூன்றாம் படியில் செய்ததை இந்த இரண்டையும் வைத்துச் செய்யுங்கள்.

என்னிடம் அப்படி நான்கு தாள்கள் இருக்கின்றன. தி கிளாஷ் குழுவின் லண்டன் காலிங் நான்கிலும் இருக்கிறது. முதல் தாளில் அதற்கு நான் எழுதிய காரணம் "கோபம்". கடைசித் தாளில் எழுதியிருப்பது "பேஸ் கிட்டார், நகைச்சுவை, ரெகே". பெட் சவுண்ட்ஸ் முதல் இரண்டு தாள்களில் இல்லவே இல்லை. மூன்றாவதில் ஒன்பதாம் இடம். நான்காவதில் இரண்டு.